அடுத்தவங்க வீட்டு அடுக்களையில மீன் கறி வைக்கலாமா அக்கா?

வெளிநாட்டுக்குப் போற பிள்ளைங்க தங்குற விஷயத்துல என்ன சந்தேகம் உண்டுமோ எழுதுங்கன்னு போன மாசம் சொன்னதும் சொன்னேன், கடுதாசியும் வாட்ஸ்அப்புமா வந்து குமிஞ்சிட்டு. படிப்பப் பத்தியோ வேலையப் பத்தியோ கேட்டவங்க கொஞ்சம்தான், மிச்ச எல்லாரும் கேட்டது அங்க ஒரு குடும்பத்து கூட தங்குனா சரி வருமான்னுதான். நான் அயர்லாந்துல டப்ளின்ல நர்ஸா இருந்தவ, அங்கயே ஒரு வீட்ட வாங்குன பொறவு மாடி ரூம படிக்க வந்த பிள்ளைங்களுக்கு வாடகைக்கு விட்டவளும் கூட, அதனால ரெண்டு பக்கத்து நியாயமும் ஓரளவு தெரியும். ஒரே மாதிரி கேட்டவங்க கேள்விய ஒண்ணா சேத்துட்டேன், கோவிச்சுக்கிடாதீங்க.

கேள்வி: என் மகளுக்கு டப்ளின்ல எம்எஸ்சி படிக்க அட்மிஷன் ஆயிருக்கு. காலேஜ் ஹாஸ்டல் நெறஞ்சு போச்சாம். ஒரு வயசான தம்பதி வீட்டுல ரூம் இருக்கு, திங்கள்ல இருந்து வெள்ளி வரை அஞ்சு நாளுன்னு சொல்லுதாங்க. முன்ன பின்ன தெரியாத வீட்டுல கொமருப் பிள்ளைய விடுறதான்னு அவ அப்பா ஒரே பிடிவாதம். என்ன செய்ய? (கருங்கல்லுல இருந்து ஒரு அம்மா)

பதில்: அம்மா, உங்க வீட்டுக்காரரு பயப்படுறது நியாயம்தான், ஆனா அங்க ஒரு குடும்பம் தன் வீட்டு ரூம மாணவங்களுக்கு விடுறது ஒளிச்சு மறைச்சு செய்யுற காரியம் இல்ல. டப்ளின், கார்க், கால்வே எங்க போனாலும் வாடகைக்கு வீடு கிட்டாம ஆளுங்க அலையுதாங்க, அதனால வீட்டுக்காரங்க ரூம் விடட்டும்னு அரசாங்கமே வரிச்சலுகை குடுத்து வச்சிருக்கு. இப்படி வார வாடகை வருசத்துக்கு 14,000 யூரோ வரை இருந்தா வருமான வரி கெடையாது, சாப்பாட்டுக்கும் கரண்டுக்கும் தனியா வாங்குனா அதுவும் அந்த கணக்குலதான் சேரும், ஒரு யூரோ கூடுனாலும் மொத்தத்துக்கும் வரி கட்டணும். மாசத்துக்குப் பாத்தா 1,166 யூரோ சொச்சம் வரும், வருசம் முழுக்க ஆளு வைக்கிறவங்க அதுக்குள்ள நிக்கத்தான் பாப்பாங்க. விளம்பரத்துல டிக்ஸ்னு போட்டிருந்தா அது இதுதான். பிள்ளைங்க எல்லாம் வளந்து வேற ஊருக்குப் போன பொறவு ரூம் சும்மா கெடக்கே, ஒரு ஆளு சத்தம் கேட்டா நல்லதுன்னு நெனைக்கிற ஆளுங்கதான் நெறைய பேரு.

உங்க கடுதாசியில என்னை இடிச்சது அந்த அஞ்சு நாளு கணக்குதான். அங்க ஊருப் பிள்ளைங்க வெள்ளிக்கிழமை சாயங்காலம் பைய தூக்கிட்டு பஸ் ஏறி அம்மா வீட்டுக்குப் போயிருவாங்க, ஞாயித்துக்கிழமை ராத்திரி திரும்பி வருவாங்க, அவங்களுக்கு அது ஒத்து வரும். உங்க மக சனி ஞாயிறு எங்க போவா, கருங்கல்லுக்கா வர முடியும்? வாரத்துல ரெண்டு நாளு ராத்திரி எந்த கூட்டுக்காரி ரூம்ல பாய் விரிக்கன்னு அலைஞ்சா படிப்பும் போச்சு, பார்ட் டைம் வேலையும் போச்சு. ஏழு நாளும் இருக்கலாமான்னு நேரா கேளுங்க, கொஞ்சம் கூட வாங்கிட்டு சரின்னு சொல்லுற வீடும் உண்டு, முடியாதுன்னா அந்த வீடு எவ்வளவு நல்ல வீடா இருந்தாலும் விட்டுருங்க.

இனி முக்கியமானது. அங்க வாடகைக்கு இருக்கவங்களுக்கு நல்ல சட்டம் உண்டு, வாடகைத் தகராறு கேக்க தனி வாரியமே உண்டு, ஆனா வீட்டுக்காரங்க கூட அதே வீட்டுல தங்குறவங்களுக்கு அது பொருந்தாது. அவங்க நெனச்சா கொஞ்ச நாளு தவணை குடுத்து எறங்கச் சொல்லலாம், அந்த வாரியத்துக்குப் போய் ஒண்ணும் கேக்க முடியாது. அதனால போறதுக்கு முன்ன பேசி எழுதி வாங்குறது மட்டும்தான் உங்க கையில உள்ள பிடி. எழுதுறதுன்னா பத்திரம் எல்லாம் வேண்டாம், ஒரு ஈமெயில் போதும்: வாடகையில கரண்டும் ஹீட்டிங்கும் இன்டர்நெட்டும் சேந்ததா, அட்வான்ஸ் எவ்வளவு, எறங்கும்போ எத்தன நாளுல திருப்பித் தருவீங்க, போகச் சொல்லணும்னா எவ்வளவு நாளு முன்ன சொல்லுவீங்க, அடுக்களைய எந்த நேரம் பயன்படுத்தலாம், துணி தொவைக்க எந்த நாளு, ரூமுக்கு உள்ள பூட்டு உண்டா, வாசல் சாவி தருவீங்களா, வீட்டுல வேற யாரெல்லாம் உண்டு, மகன் மருமகன் யாரும் வந்து தங்குவாங்களா, கூட படிக்கிற பிள்ளை வந்தா உக்காந்து பேசலாமா. அவங்க பதில் எழுதுவாங்க, அத எடுத்து வச்சுக்கிடுங்க.

நம்ம ஆளுங்களுக்கு இது கேக்கதுக்கு ஒரே கூச்சம். எடம் குடுக்கவங்ககிட்ட பைசா கணக்கு பேசுறதான்னு. வீட்டுக்காரியா இருந்த நான் சொல்லுதேன், எல்லாத்தையும் முதல்லயே கேட்ட பிள்ளைய வச்சு எனக்கு ஒரு நாளும் தலைவலி வந்தது கெடையாது, "எல்லாம் ஓக்கே ஆன்ட்டி"ன்னு தலையாட்டிட்டு வந்த பிள்ளைங்கதான் ரெண்டாவது மாசம் மொகத்த தூக்கி வச்சுக்கிட்டு அலையும், நமக்கும் என்னன்னு புரியாது.

பொண்ணுப் பிள்ளைங்கிறதால ஒண்ணு. வீட்ட விட காலேஜுல இருந்து வீட்டுக்கு வார வழியப் பாருங்க. டிசம்பர்ல அங்க சாயங்காலம் நாலு மணி சொச்சத்துக்கே இருட்டிரும், பஸ் ஸ்டாப்புல எறங்கி ஆளில்லாத ரோட்டுல எவ்வளவு தூரம் நடக்கணும்னு மேப்புல பாக்கலாம். வீடியோ கால்ல வீட்டுக்கார அம்மாகிட்ட நீங்களும் உங்க வீட்டுக்காரரும் ரெண்டு வார்த்த பேசுங்க, இங்கிலீஷ் தட்டுத்தடுமாறி வந்தாலும் பரவாயில்ல, மொகத்தப் பாத்தா உங்களுக்கே தெரியும். முன்ன தங்குன பிள்ளை நம்பர் கேட்டு அவகிட்டயும் பேசச் சொல்லுங்க. இன்னும் மனசு ஒப்பலன்னா முதல் ரெண்டு வாரம் காலேஜுக்கு வெளிய உள்ள ஏதாவது ஹாஸ்டல்லயோ தெரிஞ்சவங்க கூடயோ இருந்துட்டு வீட்ட நேருல பாத்து முடிவு பண்ணட்டும், அதுக்கு வீட்டுக்காரங்களும் சந்தோசமா சம்மதிப்பாங்க, அவங்களுக்கும் ஆளப் பாக்கணும்லா.

கேள்வி: மகனுக்கு லண்டன்ல ஒரு குடும்பத்து வீட்டுல ரூம் ஃபேஸ்புக்குல கிட்டிச்சு, போட்டோ எல்லாம் அருமை, வாடகையும் கொறவு. ஓனர் இப்போ வேலை விஷயமா வெளிநாட்டுல இருக்காராம், ரெண்டு மாச அட்வான்ஸ் அனுப்புனா சாவிய கூரியர்ல அனுப்புவாராம். அனுப்பலாமா? (குலசேகரத்துல இருந்து ஒரு அப்பா)

பதில்: அனுப்பாதீங்க அண்ணே. குடும்பத்து கூட தங்குற ரூமுன்னா அந்த குடும்பம் வீட்டுல இருக்கணும்லா, ஓனரு வெளிநாட்டுல, சாவி கூரியர்லன்னா பொறவு யாரு கூட தங்குறது? இது ரொம்பப் பழைய தட்டிப்பு, வேற யாரோ விக்கப் போட்ட வீட்டு போட்டோவ எடுத்து போட்டிருப்பான், அந்த போட்டோவ கூகுள்ல போட்டுத் தேடுனா அதே சோபா நாலு ஊருல இருக்கும். நம்ம ஊருக்காரங்க லண்டன்ல இல்லாத எடமே கெடையாது, ஒருத்தர நேருல போய் பாக்கச் சொல்லுங்க, "வேண்டாம், பாக்க முடியாது"ன்னா அதோட விட்டுருங்க. ஏற்கனவே அனுப்பிட்டீங்கன்னா இப்பவே பேங்குல சொல்லிட்டு ஆன்லைன் பண மோசடிக்குன்னு உள்ள 1930 நம்பருக்கு கூப்பிடுங்க, தாமதிக்கத் தாமதிக்க பைசா கைமாறிட்டே போகும். இன்னொண்ணு, உண்மையான வீடே கிட்டுனாலும், இங்கிலாந்துல தனி வீடு எடுக்கவங்க அட்வான்ஸ அரசாங்கம் ஒத்துக்கிட்ட ஒரு திட்டத்துல கட்டி வைக்கணும்னு சட்டம் உண்டு, ஓனர் கூட தங்குற லாட்ஜருக்கு அந்த பாதுகாப்பு கெடையாது. அதனால அட்வான்ஸ் ஒரு மாசத்துக்கு மேல குடுக்க வேண்டாம், பேங்கு வழியா குடுத்து ரசீது வாங்கச் சொல்லுங்க.

கேள்வி: அக்கா, நான் அடுத்த மாசம் அயர்லாந்து போறேன், ஒரு ஐரிஷ் குடும்பத்து கூடதான் தங்கப் போறேன். எனக்கு மீன் இல்லாம சோறு எறங்காது, ரெண்டு நேரம் குளிக்கணும், தலையில எண்ணெ வைக்காம முடியாது. சமாளிக்க முடியுமா? (தக்கலைக்காரன்)

பதில்: மக்ளே, முடியும், ஆனா கொஞ்சம் தந்திரம் வேணும். மீன்ல இருந்தே வருவோம். சாளை கிட்டலன்னாலும் அயிலை அங்க நல்லதா கிட்டும், மரச்சீனி கூட இந்தியன் கடையிலயும் ஆப்பிரிக்கன் கடையிலயும் ஃபிரீசர்ல இருக்கும். சிக்கல் மணந்தான். குளிருக்குப் பயந்து வீட்ட எல்லாப் பக்கமும் அடைச்சு வச்சிருப்பாங்க, நீ மத்தியானம் வறுத்த மீன் மணம் மாடியில அவங்க கட்டிலு, திரைச்சீலை, குளிருக்குப் போடுற கோட்டு எல்லாத்துலயும் பிடிச்சு ரெண்டு நாளைக்கு விடாது. அதனால வறுக்காத, கொழம்பு வை, புளியும் தேங்காயும் அரச்சு வச்சா மணம் அந்த அளவுக்கு கெளம்பாது. அடுப்புக்கு மேல உள்ள ஃபேன முதல்ல போடு, அடுக்களைக் கதவ அடை, சன்னல தொற, அவங்க வெளிய போற நாளாப் பாத்து வை. சட்டிய நல்லா காய விட்டு தாளிக்கதுக்குள்ள பொக அலாரம் அடிக்க ஆரம்பிச்சிரும், பயந்து சாடாத, ஒரு தொவர்த்த எடுத்து அதுக்கு கீழ வீசு, நின்னுரும். மஞ்சப்பொடி வெள்ளை கவுண்டர்ல பட்டா ஒடனே தொடைச்சிரு, ஒரு ராத்திரி கெடந்துச்சுன்னா பொறவு எந்த லிக்விடுக்கும் போகாது. கருவாடு மட்டும் வேண்டாம் மக்ளே. அது நடக்காது. நம்ம ஆளுங்க மட்டும் இருக்க வீட்டுக்கு ஞாயித்துக்கிழமை போய் தின்னுட்டு வா.

கறி வச்சா முதல் தடவையே ஒரு கிண்ணத்துல எடுத்து அவங்களுக்கும் குடு, எரிப்பு கொறச்சு. எங்க வீட்டுல தங்குன பையன் ஒருத்தன் எதித்த வீட்டு ஐரிஷ் பாட்டிக்கு தீயல் குடுத்துப் பழக்கி, அவன் படிச்சு முடிச்சு போன பொறவும் அந்த அம்மா என்கிட்ட வந்து கேக்கும்.

குளிக்கது. அங்க ஷவருக்கு வெளிய தண்ணி போக ஓட்டை கெடையாது, மாடின்னா தரை மரப்பலகை. நம்ம வீட்டுல மாதிரி கோரி ஊத்தி குளிச்சிட்டு தரையையும் கழுவி விட்டேன்னா தண்ணி பலகை இடுக்கு வழியா எறங்கி கீழ அடுக்களை சீலிங்குல வட்டமா கறை தெரியும், அத சரி பண்ணுற செலவு உன் தலையில வரும். ஷவர் திரைய உள்பக்கமா விட்டு குளி, வெளிய வந்தா கால்மிதி மேலதான் நிக்கணும். சுடுதண்ணிக்கு பல வீட்டுல இம்மர்ஷன்னு ஒரு சுவிட்சு உண்டு, டாங்க் தண்ணிய கரண்டுல சூடாக்குறது, அத போட்டுட்டு அணைக்காம காலேஜுக்குப் போறது அந்த நாட்டுல கிட்டத்தட்ட கொலக்குத்தம், சொந்த மகனா இருந்தாலும் சத்தம் போடுவாங்க. ரெண்டு நேரம் குளிக்கணும்னா முதல்லயே சொல்லு, ஒரு குளி அஞ்சு நிமிசத்துல முடி.

எண்ணெ. தேங்காண்ணெ 24 டிகிரிக்கு கீழ போனா ஒறஞ்சிரும்னு உனக்கே தெரியும், அங்க வீட்டு குழாயெல்லாம் அதை விட எவ்வளவோ குளிரு. தலைக்கு வச்ச எண்ணெயும் மீன் சட்டி எண்ணெயும் குழாய்க்குள்ள போய் கட்டிபிடிச்சு, அது கூட முடியும் சேந்தா பிளம்பர்தான் வரணும், அங்க பிளம்பர் வாங்குற காசுக்கு நீ ரெண்டு வாரம் சாப்பிடலாம். சட்டிய கழுவுறதுக்கு முன்ன பேப்பர வச்சு தொடைச்சிரு. தலகாணிக்கு பழைய உறை ஒண்ணு நீயே கொண்டு போ.

கேள்வி: நான் தேங்காப்பட்டணம். கனடாவுல தங்கப் போற வீட்டுல பன்னி சமைப்பாங்க, நாயும் உண்டு. எப்படி சொல்றதுன்னு தெரியல.

பதில்: உள்ளத உள்ளபடி சொல்லுங்க தம்பி, இதுல அவங்க ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க, நாம சொல்லாம ஒவ்வொரு நாளும் "பசிக்கல"ன்னு தட்டுல கைய வைக்காம இருந்தாதான் அவங்களுக்கு வெசனம். ஒரு சட்டி, ஒரு தோசக்கல்லு, ஒரு கத்தி சொந்தமா வாங்கி வச்சுக்கிடுங்க, ஃபிரிட்ஜுல மேல் தட்டு ஒண்ணு கேளுங்க, ஒழுகி விழாம இருக்கும். நாய் ரூமுக்குள்ள வராம பாத்துக்கிடுவீங்களான்னு கேளுங்க. வீடு முழுக்க ஓடிட்டு நடக்க நாய்னா அந்த வீடு உங்களுக்கு ஆகாது, அந்த நாய்க்கு அது சொந்த வீடு. நோம்பு மாசம் வெளுப்புக்கு முன்ன எந்திரிக்கணும், அடுக்களையில லைட்டு போடுவேன்னு தொடங்குறதுக்கு ஒரு வாரம் முன்ன சொல்லிருங்க.

கேள்வி: ஜெர்மனில ஒரு குடும்பத்து கூட தங்கி பிள்ளைங்கள பாத்துக்கிடுற வேலை, மாசம் ஒரு லட்சம் சம்பளம், நாலு லட்சம் கட்டுன்னு ஒரு ஏஜென்ட் சொல்லுதாரு. அதுவும் அங்க உள்ள தமிழ் குடும்பமாம், மொழிப் பிரச்சன இல்லையாம். வயசு 24. போகலாமா? (அருமனை)

பதில்: அந்த ஏஜென்ட்டுக்கு ஒரு சாயா வாங்கிக் குடுத்து அனுப்பிருங்க, நாலு லட்சம் வேண்டாம்.

இதுக்கு ஓ பேர்னு சொல்லுவாங்க, நல்ல ஏற்பாடுதான், ஆனா சம்பள வேலை கெடையாது. நீங்க அந்த குடும்பத்து பிள்ளைங்கள பாத்துக்கிடணும், லேசான வீட்டு வேலை செய்யணும், அதுக்கு அவங்க ரூமும் சாப்பாடும் இன்சூரன்சும் தந்து கைச்செலவுக்கு மாசம் 280 யூரோ தருவாங்க. ஒரு யூரோவ நூறு ரூபான்னு வச்சாலும் 28,000 ரூபாதான், அந்த ஒரு லட்சம் எங்கன இருந்து வந்துதுன்னு அவருகிட்டயே கேளுங்க. மொழி வகுப்புக்கு மாசம் 70 யூரோ தனியா தரணும். வாரத்துக்கு 30 மணி நேரம், ஒரு நாளைக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல வேலை வாங்கக் கூடாது, வாரத்துல ஒண்ணரை நாளு லீவு, ஒரு வருசம் முழுக்க இருந்தா நாலு வாரம் விடுமுறை. ஆறு மாசத்துல இருந்து ஒரு வருசம் வரைதான் இருக்க முடியும், விசாவுக்கு எழுதிப் போடும்போ 18 ஆகியிருக்கணும், 27 ஆகியிருக்கக் கூடாது, ஜெர்மன் மொழியில ஏ1, அதாவது ஆரம்பப் படி, தெரிஞ்சிருக்கணும்.

அந்த தமிழ் குடும்பம்னு சொன்னதுதான் எனக்கு சிரிப்பா இருக்கு. வீட்டுல ஜெர்மன் பேசுற குடும்பமா இருக்கணும்னு விதி இருக்கு, அவங்க தாய்மொழி ஜெர்மன் இல்லன்னா அவங்க எந்த நாட்டுல இருந்து போனாங்களோ அதே நாட்டுப் பிள்ளைய ஓ பேரா வைக்கக் கூடாது. தமிழ்ல பேசிட்டு இருக்கலாம்னு சொல்லி யாராச்சும் கூப்பிட்டா, ஒண்ணு விசா கிட்டாது, இல்ல அது வேற ஏதோ கணக்கு. ஜெர்மனில உள்ள ஓ பேர் ஏஜென்சிங்க போற பிள்ளைகிட்ட இருந்து கூடிப்போனா 150 யூரோதான் வாங்கலாம்னு அங்க சட்டத்துலயே இருக்கு. 24 வயசுன்னா உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கு, அந்த நாலு லட்சத்துல கொஞ்சத்த எடுத்து நாகர்கோவில்ல நல்ல ஜெர்மன் கிளாஸா பாத்து சேருங்க, அதுக்கு மேல உள்ள பி1, பி2 படி ஆச்சுன்னா தொழிற்பயிற்சிக்கே போகலாம், அதுலதான் மாசாமாசம் ஒழுங்கா பைசா வரும்.

கேள்வி: நான் பிஎஸ்சி நர்சிங் முடிச்சவன், ஜெர்மனில கொலோன்ல மாஸ்டர்ஸ் கிட்டியிருக்கு. வாடகை இல்லாம ஒரு பாட்டி வீட்டுல தங்கி உதவி மட்டும் செஞ்சா போதும்னு ஒரு திட்டம் உண்டாமே? (முளகுமூடு)

பதில்: உண்டு மக்ளே, உள்ளதுதான். கொலோன், மியூனிக், ஃப்ரைபுர்க் போல பல ஊருல மாணவங்களுக்காக நடத்துதாங்க. கணக்கு ரொம்ப எளுப்பம், உன் ரூமு எத்தன சதுர மீட்டரோ மாசத்துக்கு அத்தன மணி நேரம் உதவி. 15 சதுர மீட்டர்னா 15 மணி நேரம், கடைக்குப் போறது, தோட்டத்துல புல்லு வெட்டுறது, கம்ப்யூட்டர் சொல்லிக் குடுக்குறது, கூட உக்காந்து பேசுறது. தண்ணி, கரண்டு, ஹீட்டிங் காசு தனியா நீ குடுக்கணும், அதனால முழுசா இலவசம்னு நெனைக்காத.

நீ நர்சிங் படிச்சவன்னு தெரிஞ்சா கொஞ்சம் கொஞ்சமா வேற வேலை தலையில வரும், மருந்து எடுத்துக் குடு, குளிப்பாட்டி விடு, ராத்திரி ஒரு தடவ எந்திரிச்சு பாருன்னு. அந்த திட்டத்துல நோயாளி பராமரிப்பு சேராது, அதுக்கு தனி ஆளு, தனி சம்பளம். நம்ம மனசு கேக்காது, பாட்டிய பாத்தா வீட்டுல உள்ள அம்மைய பாத்த மாதிரி இருக்கும், செய்யணும்னு தோணும்போ செய்யி, ஆனா அது கடமையா மாறாம பாத்துக்கோ, ஒப்பந்தத்துல என்ன எழுதியிருக்கோ அது. அப்புறம் அங்க குடியேறுன ரெண்டு வாரத்துக்குள்ள நகராட்சி ஆபீஸ்ல விலாசத்த பதியணும், அதுக்கு வீட்டுக்காரங்க கையெழுத்து போட்ட காயிதம் வேணும். அந்த காயிதம் தர மாட்டேன்னு சொல்லுற வீட்டுல ஒரு நாளும் எறங்காத, விலாசப் பதிவு இல்லன்னா பேங்கு, வரி நம்பர், விசா எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணா நின்னு போகும். ராத்திரி பத்து மணிக்கு மேலயும் ஞாயித்துக்கிழமையும் சத்தம் ஆகாது, போன் பேசுறது கூட பையப் பேசு, நம்ம ஆளுங்க ஊருக்கு போன் பேசுனா பக்கத்துத் தெருவுக்கே கேக்கும்.

கேள்வி: என் மகன் கனடாவுல டொராண்டோ பக்கம் என் வீட்டுக்காரரோட சித்தப்பா மக வீட்டுல தங்குறான். நாங்க எவ்வளவு சொல்லியும் வாடகை வாங்க மாட்டேன்னுட்டாங்க. இப்போ அவன் போன்ல அழுவான், பிள்ளைங்கள ஸ்கூல்ல விடணும், பனி வாரணும், வேலைக்குப் போக நேரம் கிட்டலன்னு. கேட்டா உறவு போயிருமே அக்கா. (மார்த்தாண்டம்)

பதில்: இந்த கேள்விய நெறைய பேரு கேட்டிருக்கீங்க, ஊரு மட்டுந்தான் மாறுது. முன்ன பின்ன தெரியாத வெள்ளைக்காரன் வீட்ட விட சொந்தக்காரங்க வீடு நல்லதுன்னு நாம நெனைக்கோம். உள்ளதச் சொன்னா அதுதான் கஷ்டம். வாடகைன்னு ஒண்ணு குடுத்தா அதுக்கு அந்தாண்ட என் நேரம் எனக்குன்னு சொல்லலாம், வாங்க மாட்டேன்னு சொல்லிட்டா கணக்கு முடியவே முடியாது. அந்த நாத்தனாரும் கெட்டவங்களா இருக்க மாட்டாங்க, அவங்களும் புருசனும் ரெண்டு ஷிஃப்ட் வேலைக்கு ஓடிட்டு இருப்பாங்க, வீட்டுல ஒரு கை கூட கெடச்சா யாருதான் விடுவா?

சட்டத்த நம்பி இருக்கவும் முடியாது, டொராண்டோ இருக்க ஒண்டாரியோ மாகாணத்துல வீட்டுக்காரங்க கூட அடுக்களையோ பாத்ரூமோ பங்கு போட்டு இருந்தா அங்க உள்ள வாடகைச் சட்டமே பொருந்தாது. பையன் பேசித்தான் தீக்கணும். நீங்க இங்க இருந்து போன் போட்டு பேசாதீங்க, அத மட்டும் செய்யாதீங்க, நீங்க ஒண்ணு சொல்ல அங்க ஒண்ணு கேக்க, நாகர்கோவில்ல ஏதோ கல்யாண மண்டபத்துல பந்தி முடியுறதுக்குள்ள குடும்பம் முழுக்க பரவிரும். அவன் ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட பொறவு ரெண்டு பேரும் வீட்டுல இருக்கும்போ சொல்லட்டும்: "அத்தே, மாசம் இவ்வளவு தாறேன், வேண்டாம்னா நான் சங்கடத்துல வேற எடம் பாக்க வேண்டியதா வரும். செவ்வாயும் வியாழனும் பிள்ளைங்கள நான் விடுதேன், மத்த நாளு எனக்கு கிளாசும் வேலையும் இருக்கு." தொகைய அவனே சொல்லணும், எவ்வளவு தரட்டும்னு கேட்டா ஒண்ணும் வேண்டாம்னுதான் வரும், திரும்பவும் அதே சுத்து. பைசாவ கையில வாங்கலன்னா இன்டர்நெட் பில்லையும் வாரச் சாமானையும் தன் பேருல எடுத்துக்கிடலாம். அங்க படிப்பு நடக்கும்போ வெளிய வாரத்துக்கு 24 மணி நேரந்தான் வேலை செய்யலாம், அந்த 24-லயும் பாதி பிள்ளைங்கள ஏத்தி எறக்கதுல போனா ஃபீஸ் எப்படி கட்டுவான், இத கணக்கா எடுத்துச் சொன்னா அவங்களுக்கே புரியும்.

அதுக்குப் பொறவும் சரி வரலன்னா அடுத்த செமஸ்டர்ல காலேஜுக்குப் பக்கத்துல எடம் கிட்டிச்சுன்னு சொல்லி எறங்கட்டும். தூரம்ங்கிற காரணத்துக்கு யாரும் பதில் பேச மாட்டாங்க. கிறிஸ்மசுக்கு கேக்கு வாங்கிட்டுப் போய் பாத்துட்டு வரட்டும், உறவும் நிக்கும். சர்ச்சு வழியா ஒரு குடும்பத்து கூட போய் தங்குறவங்களுக்கும் இதேதான் சொல்லுவேன், பாஸ்டர் சொல்லி விட்டாருங்கிறதுக்காக வாடகை பேச்ச எடுக்காம இருக்காதீங்க.

கேள்வி: தங்கப் போற வீட்டுக்கு ஊருல இருந்து என்ன கொண்டு போலாம்? (கொளச்சல், ராஜாக்கமங்கலம், இன்னும் பலர்)

பதில்: அயர்லாந்து, ஜெர்மனி மாதிரி ஐரோப்பிய யூனியன் நாடுன்னா இறைச்சியும் பால் சாமானும் கொண்டு போகவே கூடாது, அதனால நெய்யும் பால்கோவாவும் வேண்டாம். தேன் ஆளுக்கு ரெண்டு கிலோ வரை விடுவாங்க, மார்த்தாண்டம் தேன் ஒரு பாட்டில நல்லா டேப்பு சுத்தி வச்சுக்கிடுங்க, எந்த வெள்ளைக்காரனுக்கும் பிடிக்கும். பச்சைக் கறிவேப்பிலையும் மாங்காயும் சான்றிதழ் இல்லாம விட மாட்டாங்க, கறிவேப்பிலைய காய வச்சு பொடிச்சிருங்க. மீன் சாமான் 20 கிலோ வரை கொண்டு போலாம்னு விதி சொல்லுது, கொளச்சல்காரங்க இத வாசிச்சிட்டு தக்கலைத் தம்பிகிட்ட நான் கருவாட்டப் பத்தி சொன்னத மறந்துராதீங்க. இங்கிலாந்துக்கு விதி வேற, ஆஸ்திரேலியான்னா திங்குற சாமான் எதுவானாலும் ஃபாரத்துல எழுதிக் காட்டணும், இல்லன்னா ஃபைன் போட்டுருவாங்க. மட்டிப்பழத்துக்கும் தேங்காய்க்கும் ஐரோப்பாவுல சான்றிதழ் வேண்டாம், ஆனா மட்டி துபாய் போய் சேருறதுக்குள்ள பைக்குள்ள கொழஞ்சு துணியெல்லாம் நாறிரும், நேந்திரம் சிப்ஸ் ரெண்டு பாக்கெட்டும் முந்திரிக்கொத்து ஒரு டப்பாவும் போதும்.